பத்து, இருபது, முப்பது

சாக்கை விரித்து அதன்மேல் கிராங்க்கைக் கிடத்தியிருந்தார் மெக்கானிக் அண்ணன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழைய பனியன் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்ததும், புடைத்திருந்த அதன் கன்னத்தில் கரிக்குள்ளிருந்து எண்கள் எழுந்துவந்தன. பஞ்ச் வைத்துச் சுத்தியலால் குத்திய எண்கள். முதலில் ஒரு 10. அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்திலேயே 20. சற்றுத் தள்ளி, கோடு விழாத இன்னொரு 10.

"பின் இருபது, மெயின் பத்து" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இது ரெண்டு தடவ எறங்குன இன்ஜின் தம்பி. மொதத் தடவ பின்ன மட்டும் கடைஞ்சிருக்காங்க. ரெண்டாந் தடவ ரெண்டையும் தொட்டிருக்காங்க."

"ஒரு தடவைதாண்ணே. 2001ல. அப்பா இருக்கும்போது."

அவர் பதில் சொல்லவில்லை. கோடு கிழித்திருந்த 10-ஐ நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

இன்ஜின் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க். கனெக்டிங் ராடு வந்து பிடித்துக்கொள்ளும் இடம் பின்; இன்ஜினின் உடம்பில் கிராங்க் உட்கார்ந்து சுற்றும் இடம் மெயின். இரண்டிலும் பிறைவடிவில் மெல்லிய தகடுகளாகப் பேரிங் இருக்கும். வருஷக்கணக்கில் ஓடியதும் உருண்டையாக இருந்த பின் ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். அப்போது அதை மறுபடி உருண்டையாக்க ஒரே வழி, இன்னும் கொஞ்சம் தேய்ப்பதுதான். எவ்வளவு தேய்க்கலாம் என்பது நம் இஷ்டம் இல்லை. பத்து தௌ, இருபது தௌ, முப்பது தௌ என்ற படிகளுக்குத்தான் தடித்த பேரிங் கிடைக்கும். தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து தௌ சேர்ந்தால் கால் மில்லிமீட்டர். ஆக, கிராங்க் பிறக்கும்போதே அதற்கு எத்தனை ஆயுள் என்று எழுதியாகிவிட்டது: ஸ்டாண்டர்டு, பத்து, இருபது, முப்பது. நாலு. சில இன்ஜினுக்கு நாற்பதுகூட உண்டு. இதற்கு எங்கள் கடைவீதியில் முப்பதோடு சரி.

பட்டறையில் இரண்டு அளவுமுறை ஓடுவதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். போல்ட் என்றால் நூல் கணக்கு. மூணு நூல் போல்ட், நாலு நூல் போல்ட். தச்சனும் கொத்தனும் வைத்திருக்கும் அதே நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று. பேரிங் என்றால் தௌ. ஒரு நூலுக்குள் நூற்றிருபத்தைந்து தௌ அடங்கும். மில்லிமீட்டர் பாடப்புத்தகத்தோடு சரி. அண்ணனிடம் எம்எம் ஸ்பேனர் பெட்டி ஒன்று, இஞ்ச் ஸ்பேனர் பெட்டி ஒன்று. எங்கள் டிராக்டருக்கு இரண்டாவது பெட்டிதான் திறக்கும். ஏனென்றால் அது அங்குலத்தில் பிறந்தது.

பிறந்தது இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் என்று சொல்வதா, சென்னைச் செம்பியத்தில் என்று சொல்வதா என்பது பேறுகாலத்தை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1932-இல் ஃப்ராங்க் பெர்கின்ஸ் என்பவர் சார்லஸ் சாப்மன் என்ற பொறியாளரோடு சேர்ந்து பீட்டர்பரோவில் ஒரு கம்பெனி தொடங்கினார். அந்தக் காலத்து டீசல் இன்ஜின் என்பது யானை. கனம், நிதானம், ஒரே இடத்தில் நிற்கும். அதை லாரிக்கும் டிராக்டருக்கும் ஏற்ற மாதிரி இளைக்கவைத்து வேகமாக ஓடச்செய்வதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. ஆறு சிலிண்டர் பி-6, அதில் பாதியாக மூன்று சிலிண்டர் பி-3. மூன்றரை அங்குல அகலம், ஐந்து அங்குல ஓட்டம், மூன்று சிலிண்டர். பெருக்கிப் பார்த்தால் 144 கன அங்குலம், அதாவது இரண்டே கால் லிட்டருக்குச் சற்று மேல். 1950-களில் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடிய சின்ன டிராக்டர்களின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, இந்த பி-3-ஐ மாட்டிக்கொண்ட விவசாயிகள் இங்கிலாந்தில் உண்டு.

மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் சிம்ப்சன் என்று ஒரு கம்பெனி. 1840-இல் குதிரைவண்டி கட்டவும் சேணம் தைக்கவும் தொடங்கியது. ஆழ்வார்திருநகரியிலிருந்து போன எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1930-களில் அதற்குள் நுழைந்து, பின்னாளில் அதையே தன் கைக்குக் கொண்டுவந்து, அமால்கமேஷன்ஸ் என்ற குழுமமாக வளர்த்தார். அவர் காலத்தில்தான் பெர்கின்ஸ் இன்ஜின் செம்பியத்தில் இறங்கியது. பிஸ்டனுக்கு 1949-இலேயே இந்தியா பிஸ்டன்ஸ். டிராக்டருக்கு 1960-இல் டாஃபே. பேரிங்குக்கு 1961-இல் பைமெட்டல் பேரிங்ஸ். நாம் புத்தகம் வாங்கப் போகும் ஹிக்கின்பாதம்ஸும் இந்தக் குழுமத்துக் கடைதான். ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இன்ஜின் ஒருவன், பிஸ்டன் ஒருவன், பேரிங் ஒருவன். 1959-இல் மாஸி ஃபெர்குசன் கம்பெனி பெர்கின்ஸையே விலைக்கு வாங்கியிருந்ததால், மாஸி டிராக்டருக்குள் பெர்கின்ஸ் வழி வந்த சிம்ப்சன் இன்ஜின் உட்கார்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1964-இல் அனந்தராமகிருஷ்ணன் காலமானார். அவர் நட்டதன் கிளைதான் எங்கள் கொட்டகையில் நின்ற மாஸி 1035.

ஆர்.சி. புத்தகத்தின்படி அது 1979 மாடல். முதல் சொந்தக்காரர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா 1988-இல் வாங்கினார். விற்றவர் சொன்ன வாசகம் எங்கள் வீட்டில் பலகாலம் புழங்கியது: "கம்பெனி பிட்டிங் சார். கைபடாத இன்ஜின்." அப்பா அதைப் பெருமையாகச் சொல்லுவார். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

கோடு விழுந்த அந்த 10 இப்போது சாக்கின்மேல் கிடந்தது. 2001-இல் அப்பா இறக்கியபோது கடைசல் கடையில் பின்னை இருபதுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பழைய 10-ஐக் கோடு கிழித்துப் பக்கத்தில் 20 குத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் 1988-க்கு முன்பே யாரோ ஒருவர் இதை இறக்கி ஏற்றியிருக்கிறார். முப்பத்துநாலு வருஷம் கழித்து அந்தப் பொய் வெளியே வந்தபோது திட்டுவதற்கு அப்பாவும் இல்லை. அந்த ஆளும் இருக்க வாய்ப்பில்லை. அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு 2001லயே தெரிஞ்சிருக்கும் தம்பி. கடைசக்காரன் சொல்லாமயா இருந்திருப்பான்?" என்றார். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. 2001-க்குப் பிறகும் பத்து வருஷம் அப்பா கைபடாத இன்ஜின் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முதல்முறை ஏன் பின்னை மட்டும் கடைந்தார்கள், இரண்டாம்முறை ஏன் லைனரே போய்விட்டது? அண்ணனிடம் கேட்டேன். "அங்க சேறு, இங்க புழுதி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தைக்குள் எங்கள் தாலுகாவின் பூகோளம் முழுக்க இருக்கிறது.

அறந்தாங்கி 1974 வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லாதான். அந்த வருஷம் ஜனவரி 14, பொங்கலன்று, புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது இந்தப் பக்கம் வந்தோம். 1960-இல் மத்திய அரசு நாட்டில் பொறுக்கியெடுத்த சில ஜில்லாக்களில் 'பேக்கேஜ் திட்டம்' கொண்டுவந்தபோது தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது தஞ்சாவூர். உரம், ஆடுதுறை 27 விதை, கடன், கூடவே மெல்ல மெல்ல டிராக்டரும். பெயருக்கு நாங்களும் அந்த ஜில்லாதான். ஆனால் தண்ணீரில் கடைசி. 1934-இல் மேட்டூர் அணையோடு வந்தது கல்லணைக் கால்வாய். எங்கள் ஜனங்கள் இன்றைக்கும் 'புதாறு' என்றுதான் சொல்வார்கள். கல்லணையில் கிளம்பி ஏறக்குறைய 149 கிலோமீட்டர் வந்து, நாகுடியைத் தாண்டி மும்பாலை ஏரியில் முடிகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேப்பரில் படம் வரும். படத்தில் பூத்தூவுகிறவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த 149 கிலோமீட்டரும், அதற்கு மேலே மேட்டூரிலிருந்து கல்லணை வரைக்குமான காவிரியும் கிடக்கிறது. கடைமடை என்ற சொல் எங்களுக்கு முகவரி மாதிரி.

ஆற்றுத் தண்ணீர் நேரத்துக்கு வரும் ஊரில் டிராக்டர் சேற்றில் உழும். கேஜ் வீலை மாட்டிக்கொண்டு சேடை அடிக்கும். புழுதி கிடையாது, இன்ஜின் மூச்சில் போவது சுத்தமான காற்று. ஆனால் சேறு காலைப் பிடித்து இழுக்கும். கியரைக் குறைக்காமல் திணறடித்து ஓட்டினால் அடி முழுவதும் ராடு வழியாகப் பின்னுக்குப் போகும். பட்டுக்கோட்டைக்காரர் காலத்தில் பின் தேய்ந்ததும் லைனர் தாக்குப்பிடித்ததும் அதனால்தான் இருக்கவேண்டும்.

இங்கே கதை வேறு. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி வட்டாரத்தில் தண்ணீருக்குக் காத்திருந்தால் பட்டம் போய்விடும். ஆவணியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக்கி, அதில் நெல்லைத் தூவிவிட்டு, மழையை எதிர்பார்ப்பதுதான் வழக்கம். புழுதி உழவின்போது தூரத்திலிருந்து பார்த்தால் டிராக்டர் தெரியாது, ஒரு மேகம் நகர்வதுதான் தெரியும். அந்த மேகத்துக்குள் இன்ஜின் மூச்சு விடுகிறது. காற்று உள்ளே போகுமுன் எண்ணெய்ச் சட்டி ஒன்றின் வழியாகப் போகவேண்டும்: குழாய் வழியே கீழே இறங்கும் காற்று எண்ணெய்ப் பரப்பில் மோதித் திரும்பும்போது மண் எண்ணெயில் விழுந்துவிடும், மிச்சம் கம்பிவலையில் ஒட்டிக்கொள்ளும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஒரே நிபந்தனை, புழுதி உழவில் தினமும் சட்டியைக் கழற்றிக் கழுவி எண்ணெய் மாற்றவேண்டும். தினமும் யார் மாற்றுகிறார்கள்? நானும் மாற்றவில்லை. சட்டி சேறானதும் மண் நேராக உள்ளே போகும். மண் என்றால் மணல். மணல் என்றால் உப்புத்தாள். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேலான முறை உப்புத்தாள் தேய்த்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை அண்ணன் என் விரலுக்கே காட்டினார். ஹெட்டைக் கழற்றி வைத்திருந்த சிலிண்டருக்குள் என் ஆள்காட்டி விரலை விடச்சொல்லி, "நகத்தால மேலருந்து கீழ வாங்க" என்றார். மேல்விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்தில் நகம் தடுக்கியது. ஒரு படி. ரிங் எட்டாத மேல்பகுதி கம்பெனியில் வார்த்த அளவில் அப்படியே இருக்கிறது. ரிங் உரசும் இடம் குடைந்து அகன்றிருக்கிறது. அந்தப் படியின் ஆழம்தான் பதினேழு வருஷப் புழுதி உழவு.

ஆனால் கடைசியில் இன்ஜினைச் சாய்த்தது புழுதியில்லை, கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் வழியாகத்தான் மேற்கே போனது. தென்னை, பலா, மின்கம்பம் என்று நின்றதெல்லாம் படுத்துவிட்டது. கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வழியில்லாமல், டிராக்டரின் பின்பக்க பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் ஒரு டைனமோவை மாட்டி போரை ஓட்டினோம். பகலில் விழுந்த மரங்களை இழுக்கும், இரவில் தண்ணீர் இறைக்கும். பதினோரு நாள். டீசல் ஊற்ற ஆள் இருந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அடிவயிற்றிலிருந்து டக்டக்கென்று ஒரு தட்டல். ஆயில் மீட்டர் முள் படுத்துக் கிடந்தது. நிறுத்திவிட்டோம். நாலு வருஷம் நின்றது.

அந்த நாலு வருஷத்தில் பழைய இரும்புக்காரர் மூன்றுமுறை வந்து போனார். மூன்றாம் முறை அவர் கேட்ட விலையைவிட, டிராக்டரின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்ற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கசாப்புக்காரர் ஆட்டின் முதுகைத் தடவுவது மாதிரி. அன்று சாயங்காலமே அண்ணனைப் பார்க்கப் போனேன். பாசம் என்று பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். புது டிராக்டர் வாங்கும் நிலையில் நான் இல்லை என்பதும் காரணம்.

லைனரை எடுக்கும் காட்சியை நான் முன்பு பார்த்ததில்லை. இந்த இன்ஜினில் லைனர் உலர் ரகம்: தண்ணீர் படாமல், பிளாக்கின் துளைக்குள் இறுக்கமாக இறக்கிய மெல்லிய குழாய். அடித்தாலும் வராது. அண்ணன் வெல்டிங் ராடை எடுத்து, குழாயின் உட்சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு வெல்டு ஓட்டினார். பிளாக்கைப் பற்றவைக்கிறாரோ என்று நான் பதறினேன். டீ வரச்சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் வெல்டு ஆறிச் சுருங்க, அதோடு லைனரும் சுருங்கிப் பிடியை விட்டிருந்தது. கீழிருந்து ஒரு மரக்கட்டையால் தட்டினார். குழாய் சோம்பலாக எழும்பி வந்தது. மூன்றும் அப்படியே.

அன்றைக்கு நிஜமான கவலை மூன்றாம் பின்னில்தான். ஆயில் இல்லாமல் ஓடியதில் அதன் பேரிங் உருகி இழுபட்டு, பின்னின் மேல் சுற்றிச்சுற்றிக் கீறல். இருபதிலிருந்து முப்பதுக்குப் போகும்போது குறுக்களவில் பத்து தௌ குறையும். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு ஐந்து தௌ ஆழம்தான் கிடைக்கும். கீறல் அதைவிட ஆழமாக இருந்தால் கிராங்க் காயலான் கடைக்கு. அண்ணன் மைக்ரோமீட்டரை ஒருமுறை குறுக்கே, ஒருமுறை நெடுக்கே, பிறகு ஓரத்தில் என்று வைத்துப் பார்த்து, சாக்பீஸால் சுவரில் எழுதினார். நகத்தைக் கீறலில் வைத்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை இழுத்தார். "போகும்னு நெனைக்கிறேன். போகலன்னா என்னய திட்டக் கூடாது."

கிராங்க் கிரைண்டிங்குக்குத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிய கிராங்க்கை வண்டியில் படுக்கவைக்க அண்ணன் விடவில்லை. படுக்கவைத்தால் தன் கனத்திலேயே வளையுமாம், நிறுத்தித்தான் கட்டவேண்டும். டாட்டா ஏஸின் மூலையில், தாம்புக்கயிற்றால் கட்டப்பட்டு, கோணிக்குள்ளிருந்து தலைமட்டும் நீட்டிக்கொண்டு, சாமி ஊர்வலம் மாதிரி அது புதுக்கோட்டையைத் தாண்டியது.

கடைசல் கடையில் பெரிய சக்கரக்கல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கிராங்க்கைப் பின்னின் மையத்தை வைத்துப் பிடித்துவிட்டால், மற்றதெல்லாம் தள்ளாடித் தள்ளாடிச் சுற்ற, பின் மட்டும் அசையாமல் நின்ற இடத்தில் சுற்றும். பார்க்கப் பார்க்கத் தலைசுற்றும் காட்சி அது. பால்போலக் கூலன்ட் ஊற்ற, தீப்பொறி இல்லாமல் கல் தொட்டது. முதல் தொடலில் பின்னின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்தது, மறுபக்கம் கறுப்பாகவே இருந்தது. நீள்வட்டம் என்று சொன்னேனே, அதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். இரண்டு தௌ போனதும் வெளுப்பு முழுவட்டமானது. கீறல்கள் இருந்தன. ஐந்தில் இருந்தன. எட்டில், ஒரே ஒரு கோடு. கடைக்காரர் கல்லை நிறுத்தித் துடைத்துப் பார்த்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார், நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பத்தில் கோடு இல்லை.

பின்னும் கன்னமும் சேரும் மூலையில் சின்ன வளைவு ஒன்று இருக்கவேண்டும். அதைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கிராங்க் ஒருநாள் அந்த இடத்தில்தான் ஒடியும். "மூலைய விட்டுக்குங்கண்ணே" என்று நம்மவர் ஒருமுறை சொன்னார். "எத்தன வருசமா பாக்குறேன்" என்று அவர் சிரித்தார். கிளம்பும்முன் பஞ்ச்சை எடுத்து 20-இன் குறுக்கே கோடு கிழித்து 30 என்று குத்தினார். மெயினில் 10 போய் 20 வந்தது.

திரும்பிவந்ததும் அண்ணன் செய்த முதல் வேலை கிராங்க்கின் ஆயில் துவாரங்களைக் கழுவியது. சைக்கிள் ஸ்போக்கில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, உள்ளே விட்டு இழுத்தார். கல்லின் தூள் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. துணி வெள்ளையாகத் திரும்பும்வரை இழுத்தார். அதற்கு ஒரு காலைப்பொழுது போனது. பொறுமை இழந்து நான் கேட்டதற்கு, "இந்தத் தூள் ஒரு சிட்டிக உள்ள கெடந்தா போதும். பேரிங் போய், நீங்க என்னய ஊரெல்லாம் ஏசுவீங்க" என்றார்.

சாமான் வாங்கியதைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஒரு கடையில் ஒரிஜினல் பெட்டிக்குள் டூப்ளிகேட் ரிங் வைத்துக் கொடுத்தார்கள்; புது லைனருக்குள் வைத்துப் பார்த்தபோது வாய் பிளந்துகொண்டு நின்றது. ரிங்கை லைனருக்குள் போட்டு, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு மட்டமாகத் தள்ளி, வெட்டுவாயில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கவேண்டும். மூன்றரை அங்குலத் துளைக்குப் பத்திலிருந்து பதினைந்து தௌ இடைவெளி சரி. அதற்குக் குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு முட்டி உடையும்; கூடினால் கம்ப்ரஷன் வழியும். இதற்கு நாற்பதுக்கு மேல். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினோம். அண்ணன் பெட்டியைப் பார்ப்பதில்லை, சாமானைத்தான் அளக்கிறார்.

வால்வு தேய்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். வால்வின் விளிம்பில் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டவேண்டும். மோர் கடைகிற கை. முதலில் கரகரவென்று சத்தம் வரும். பேஸ்ட் நைந்துபோனால் சத்தம் அடங்கி வழுவழுப்பு கைக்குத் தெரியும். தூக்கிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு மோதிரம். ஆறு வால்வு. சாயங்காலத்துக்குள் உள்ளங்கை கன்றிவிட்டது. முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தார். ஐந்துக்கு ஒழுகவில்லை. ஒன்றுக்குக் கசிந்தது. "இது பொழுது சாஞ்சப்புறம் தேச்சதா?" என்றார். ஆமாம்.

பம்பும் நாசிலும் அண்ணனின் ராஜ்ஜியத்துக்கு வெளியே. அவை தனி ஜாதி. பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு தௌவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அது போவது ஏ.சி. போட்ட ஒரு கேலிபரேஷன் கடைக்கு. போய் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஏற்றிய அன்று வெள்ளிக்கிழமை. புது லைனரின் உள்சுவரில் ஹோனிங் போட்ட குறுக்குக்கோடுகள் பாய் முடைந்த மாதிரி மின்னின. அந்தக் கீற்றுகளில்தான் எண்ணெய் தங்கும். மூன்று பிஸ்டனும் இறங்கி, ராடு மூடிகள் டார்க் ரெஞ்சில் டிக் என்று இறுகியபின், அண்ணன் பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். புது ரிங்கின் இறுக்கத்தில் அது முரண்டுபிடித்தது, ஆனால் எந்த இடத்திலும் தட்டவில்லை. அவர் ஒவ்வொரு மூடியைப் போட்டபின்பும் இப்படிச் சுற்றிப் பார்த்தார். எந்த மூடியில் இறுகியது என்று அப்போதுதான் தெரியுமாம்.

டீசலை அடைத்துவைத்துச் செல்ஃபை மட்டும் விட்டுவிட்டு அடித்தோம், ஆயில் மேலே ஏறட்டும் என்று. நாலாவது அடியில் முள் அசைந்தது. நாலு வருஷமாகப் படுத்துக்கிடந்த முள். பிறகு நாசில் பைப்புகளின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தோம். நுரையாக வந்தது கெட்டியான டீசலாக வந்ததும் இறுக்கினார். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. அவரே திருப்பினார்.

ஒரு சிலிண்டர்தான் முதலில் பிடித்தது. வெள்ளைப் புகை பட்டறையை நிறைத்தது. எதிர்ச் சுவரோரம் படுத்திருந்த நாய் எழுந்து போனது. பிறகு இரண்டாவது. கொஞ்சநேரம் இரண்டிலேயே நொண்டிக்கொண்டிருந்துவிட்டு மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. நாலு சிலிண்டரின் ஓட்டத்தில் ஒரு வழவழப்பு இருக்கும். மூன்று சிலிண்டருக்கு அது கிடையாது. கிராங்க் 240 பாகை திரும்பினால் ஒரு வெடிப்பு. அதனால் ஒரு தாளக்கட்டு கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா எந்த வயலில் இருக்கிறார் என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். இருபது நிமிஷத்தில் புகை அடங்கியது. அண்ணன் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துவாரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். பேக் கம்ப்ரஷன் இருந்தால் கை தள்ளப்படும். தள்ளவில்லை.

முதல் ஐம்பது மணி நேரம் பாரம் கூடாது, ஒரே ஆக்ஸிலேட்டரிலும் வைக்கக் கூடாது, கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஏர் கிளீனர் சட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கையில் எடுத்து, கவிழ்த்துக் காட்டி, திருப்பி மாட்டினார்.

ஐம்பது மணி நேரம் முடிந்து ஆயில் மாற்றப் போனேன். அடி நட்டைக் கழற்றினார். சூடாக இறங்கிய ஆயிலில் ஆள்காட்டி விரலை நனைத்து, கட்டைவிரலால் தேய்த்து, வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கறுப்புக்குள் ஜரிகைத்தூள் மாதிரி ஏதோ மினுங்கியது. எனக்கு நெஞ்சு இறங்கிவிட்டது.

"பேரிங்காண்ணே?"

"பேரிங் தூள் வேற மாதிரி தம்பி, வெள்ளி கணக்கா செதில் செதிலா வரும். இது ரிங்கும் லைனரும் ஒன்ன ஒன்னு பழகிக்கிற தூள். மொத ஆயில்ல இருக்கும்." விரலைக் கைலியில் துடைத்தார். "அடுத்த ஆயில்ல இருந்தா வாங்க."

அடுத்த ஆயில் ஆவணி உழவுக்குப் பிறகுதான்.